பஞ்சும் நெருப்பும்
(அறிவும் நம்பிக்கையும் – வரலாற்றுத் தொடர்: 9)

1095 ஜூலை. பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவில் இமாம் கஸ்ஸாலி பாடம் சொல்ல வாயைத் திறக்கிறார். பேச்சு வரவில்லை. போன வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தினோம்.

மறுநாளும் வரவில்லை. நம்பி வந்து உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்காக ஒரு நாளாவது பாடம் எடுத்துவிடப் பார்த்ததாகவும், நாக்கு புரளவே இல்லை என்றும் பிற்காலத்தில் அவரே எழுதினார். அப்புறம் சாப்பாடும் இறங்காமல் போனது. வைத்தியர்கள் வந்து பார்த்தார்கள். நோய் மனதில் தொடங்கி உடம்புக்கு வந்திருக்கிறது, மனம் ஆறினால்தான் உண்டு, மருந்துக்கு இங்கே வேலையில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

செல்ஜூக் பேரரசின் தலைமை அமைச்சர் நிஜாமுல் முல்க் 1091-ல் தானே தேர்ந்தெடுத்து அந்த ஆசனத்தில் அமர்த்தியவர் கஸ்ஸாலி. வயது நாற்பதைத் தொடவில்லை. முந்நூறு மாணவர்கள். அந்தக் காலத்து முஸ்லிம் உலகில் ஓர் அறிஞருக்கு அதற்கு மேல் ஒரு பதவி இல்லை. அந்தப் பதவிதான் அவரை அரித்தது. இறைவனுக்காகவா பாடம் சொல்கிறேன், பெயருக்கும் புகழுக்குமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வந்த பதிலை அவரால் தாங்க முடியவில்லை. நவம்பரில், மக்காவுக்குப் போவதாக ஊராரிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகளின் பிழைப்புக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்து, மீதிச் சொத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். டமாஸ்கஸ் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுக்கத் தனியே இருந்தார்.

அவர் கிளம்பிப் போகட்டும். அந்த ஆண்டு ஜனவரியில் அவர் எழுதி முடித்த புத்தகம் நம் கையில் இருக்கிறது. ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ என்று பெயர். தத்துவவாதிகளின் தடுமாற்றம் என்று சொல்லலாம். கஸ்ஸாலி கணிதத்தைச் சைத்தானின் வேலை என்று சொன்னார், அதோடு இஸ்லாமிய உலகில் அறிவியல் செத்துப்போனது என்று இன்றைக்கும் பல மேடைகளில் பேசுகிறார்கள். அந்தப் புத்தகத்தின் முன்னுரையை ஒரு தடவை படித்தவர்கூட அப்படிப் பேச மாட்டார். ஒரு மனிதர் எதற்கு எதிராக எழுதினாரோ அதையே அவர் தலையில் கட்டுவது பெரிய அநியாயம். ஆகவே அந்த முன்னுரையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அதில் கிரகணம் வருகிறது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவில் பூமி வந்து நிற்பதால், சூரிய ஒளி மறைந்து சந்திர கிரகணம் ஏற்படுகிறது; பூமி உருண்டையானது; பார்ப்பவருக்கும் சூரியனுக்கும் நடுவே சந்திரன் வருவதால் சூரிய கிரகணம். இந்த விளக்கங்களைச் சொல்லிவிட்டு, இவற்றை மறுக்கும் வேலை நமக்கில்லை என்கிறார் கஸ்ஸாலி. இவை கணக்காலும் வடிவியலாலும் நிறுவப்பட்டவை. கிரகணம் எப்போது பிடிக்கும், எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவனிடம் போய், இது மார்க்கத்துக்கு விரோதம் என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? அவனுக்குத் தன் கணக்கின் மேல் சந்தேகம் வராது. மார்க்கத்தின் மேல்தான் வரும். இறைமறுப்பாளர்களுக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி வேறில்லை என்கிறார். மார்க்கத்தைத் தப்பான வழியில் காக்கப் புறப்படுபவனால் வரும் கேடு, நேர்வழியில் அதை எதிர்ப்பவனால் வரும் கேட்டைவிடப் பெரிது என்பது அவர் முடிவு.

இதற்கு எதிராக ஒரு நபிமொழியை யாராவது கொண்டுவரக்கூடும் என்பதும் அவருக்குத் தெரியும். நபிகள் நாயகத்தின் சின்னஞ்சிறு மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தைக்காக வானமே துக்கம் கொண்டாடுகிறது என்று மதீனாவில் ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். மகனைப் பறிகொடுத்த அந்த நேரத்திலும் நபிகள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை, கிரகணத்தைக் கண்டால் தொழுங்கள் என்று சொல்லிவிட்டார். இதில் வானியல் கணக்குக்கு விரோதமாக என்ன இருக்கிறது என்று கேட்கிறார் கஸ்ஸாலி. அந்த நபிமொழியின் வால்பகுதியாகச் சிலர் இன்னொரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்வதுண்டு: இறைவன் ஒரு பொருளுக்குத் தன்னை வெளிப்படுத்தினால் அது அவனுக்குப் பணிகிறது என்று. அந்தச் சேர்க்கைக்கு ஆதாரம் சரியில்லை என்கிறார் இமாம். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஆதாரம் சரியாகவே இருந்தாலும், உறுதியாக நிறுவப்பட்ட ஒன்றை மறுப்பதைவிட அந்த வாக்கியத்துக்கு உட்பொருள் காண்பது சுலபம் என்கிறார்.

வாசகர்கள் இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சுமார் எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, கஸ்ஸாலிக்கு எதிராக எழுதப்போகும் ஒருவர் இதே கருத்தின் மேல்தான் தன் வழக்கைக் கட்டப்போகிறார்.

அப்படியானால் கஸ்ஸாலி யாரோடு சண்டை போட்டார்? இப்னு சீனாவின் வழிவந்த தத்துவவாதிகளோடு. கணிதத்தில் அவர்கள் காட்டிய துல்லியத்தைப் பார்த்து மயங்கியவர்கள், கடவுளையும் ஆன்மாவையும் பற்றி அவர்கள் சொன்னதையும் அதே துல்லியம் உள்ளதாக எடுத்துக்கொண்டார்கள். இது அவருக்குப் பொறுக்கவில்லை. கணக்கில் நிரூபணம் கொடுத்தீர்கள், ஒத்துக்கொண்டேன். உலகம் தொடக்கமில்லாதது என்கிறீர்களே, அதற்கும் அதே தரத்தில் நிரூபணம் கொடுங்கள் என்று கேட்டார். உங்கள் தர்க்க நூல்களில் நீங்களே எழுதி வைத்த விதிகளின்படி கொடுங்கள் என்றும் சேர்த்துக் கேட்டார். மொத்தம் இருபது வாதங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். அவற்றில் பதினேழு வழிதவறியவை. மூன்றுதான் மார்க்கத்தை விட்டே வெளியேற்றுபவை: உலகம் அநாதி என்பது, இறைவன் பொதுவானவற்றையே அறிவான், தனித்தனியானவற்றை அறியமாட்டான் என்பது, மறுமையில் உடல்கள் எழுப்பப்படா என்பது. தர்க்கத்தை அவர் கைவிடவேயில்லை. கடைசிக் காலத்தில், 1109-ல் முடித்த சட்டவியல் நூலின் முன்னுரையில், தர்க்கம் அறியாதவரின் கல்வியை நம்ப முடியாது என்றே எழுதினார்.

அந்த இருபதில் பதினேழாவது வாதத்தில்தான் பஞ்சும் நெருப்பும் வருகின்றன.

பஞ்சை நெருப்பில் போட்டால் எரிகிறது. நெருப்பு பஞ்சை எரித்தது என்கிறோம். நீங்கள் கண்ணால் கண்டது என்ன என்று கேட்கிறார் கஸ்ஸாலி. நெருப்பு பட்டதைக் கண்டீர்கள், பஞ்சு எரிந்ததைக் கண்டீர்கள். இரண்டும் கூடவே நடந்தன. ஒன்றால் மற்றொன்று நடந்தே தீரவேண்டும் என்கிற கட்டாயத்தை எங்கே கண்டீர்கள்? எரிவதைப் படைப்பவன் இறைவன். நெருப்பு வெறும் சடம். அவன் நாடினால் நெருப்பு பட்டும் பஞ்சு எரியாமல் இருக்கும். நம்ரூதின் நெருப்புக் குண்டத்தில் நபி இப்ராஹீம் எரியாமல் இருந்தது போல. காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் உள்ள கட்டாயத்தை எவரும் கண்டதில்லை என்ற இந்த வாதத்தை 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் வேறொரு நோக்கத்துக்காக எழுப்பினார். ஐரோப்பியத் தத்துவம் அன்று பட்ட அதிர்ச்சி இன்னும் முழுதாக அடங்கவில்லை.

எதிராளி இதற்கு என்ன சொல்லிச் சிரிப்பான் என்பதையும் கஸ்ஸாலியே எழுதிவிடுகிறார். கட்டாயம் எதுவுமே இல்லையென்றால், வீட்டில் விட்டுவந்த புத்தகம் இந்நேரம் ஒரு மிருகமாக மாறியிருக்கலாமே? ஆகலாம்தான், ஆனால் ஆகாது என்பது அவர் பதில். இறைவன் உலகத்துக்கு ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறான். அந்த வழக்கத்தில் நம் மனதுக்கு நிச்சயத்தையும் அவனே தந்திருக்கிறான். ஆகவே வைத்தியரும் வானியலாரும் அவரவர் வேலையைத் தயங்காமல் செய்யலாம்.

இப்படி எழுதியவரின் நூல்கள் எங்கேயாவது எரிக்கப்பட்டிருந்தால், அதைச் செய்தவர்கள் தத்துவவாதிகளாக இருப்பார்கள் என்றுதானே தோன்றும்?

1109. இன்றைய ஸ்பெயின் அன்றைக்கு அந்தலுஸ். அதன் பெரும் நகரமான குர்துபாவில் கஸ்ஸாலியின் புகழ்பெற்ற ‘இஹ்யா உலூமித்தீன்’ எரிக்கப்பட்டது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் போற்றப்படும் அதே இஹ்யாதான். உத்தரவு கொடுத்தவர் அல்-முராபித்துகளின் அரசர் அலி இப்னு யூசுஃப். தூண்டிவிட்டவர்கள் அவ்வூர் மார்க்கச் சட்ட அறிஞர்கள். முன்னால் நின்றவர் குர்துபாவின் காஜி, அதாவது நீதிபதி. மார்க்கச் சட்டத்தை உலகப் பதவிக்கான ஏணியாக்கிவிட்டார்கள் என்று இஹ்யாவில் கஸ்ஸாலி எழுதியிருந்தார். அது அவர்களைச் சுட்டது. அப்போது கஸ்ஸாலி உயிரோடு இருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1111 டிசம்பரில், சொந்த ஊரான தூஸில் காலமானார்.

நூல்களை எரித்த அந்த குர்துபாவில் 1126-ல் ஒரு குழந்தை பிறந்தது. அந்த வீட்டில் எல்லாரும் காஜிகள். பாட்டனார் குர்துபாவின் தலைமைக் காஜியாக இருந்தவர். பேரன் பிறந்த அதே ஆண்டு காலமானார். தந்தையும் காஜி. பாட்டனாரின் பெயரையே பேரனுக்கும் வைத்தார்கள்: முஹம்மத் இப்னு அஹ்மத் இப்னு ருஷ்து. பிற்காலத்தில் லத்தீன் உலகம் இவரை அவெரோஸ் என்று அழைத்தது.

இப்னு ருஷ்து சட்டம் படித்தார், மருத்துவம் படித்தார், அரிஸ்டாட்டிலைப் படித்தார். தகப்பனார் இறந்த இரவும் தன் கல்யாண இரவும் தவிர வேறெந்த இரவும் அவர் படிக்காமல் கழிந்ததில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1153-ல் மராகிஷ் நகரில் வானத்தை நோக்கிக்கொண்டிருந்தவர், குர்துபாவில் கண்ணுக்கே படாத ஒரு விண்மீனைத் தெற்கே கண்டார். பூமி உருண்டை என்பதாலேயே தெற்கே போகப் போகப் புது விண்மீன்கள் எழுகின்றன என்று அரிஸ்டாட்டில் சொன்னதற்கு அது சாட்சி என்று குறித்துக்கொண்டார். அரபுகள் அதை சுஹைல் என்பார்கள். நாம் அகத்தியர் விண்மீன் என்கிறோம். குமரிமுனையிலிருந்து பார்த்தால் இன்னும் உயரத்தில் தெரியும்.

இதற்குள் ஆட்சி மாறிவிட்டது. முராபித்துகளைத் துரத்திவிட்டு வந்தவர்கள் முவஹ்ஹிதுகள். அவர்களுடைய இயக்கத்தைத் தொடங்கிய இப்னு தூமர்த் கஸ்ஸாலியிடமே பாடம் கேட்டவர் என்று அவர்கள் நம்பினார்கள். எரிக்கப்பட்ட கஸ்ஸாலி இப்போது அரசாங்கமே கொண்டாடும் கஸ்ஸாலி. தத்துவத்தில் ஈடுபாடுள்ள ஓர் இளம் காஜிக்கு இது பாதுகாப்பான காலமா, ஆபத்தான காலமா?

1169-ஐ ஒட்டிய ஒரு நாள், மராகிஷ் அரண்மனையிலிருந்து அழைப்பு வந்தது.

உள்ளே போனார். கலீஃபா அபூ யஃகூப் யூசுஃப் இருந்தார். கூட ஒரே ஒருவர், அரண்மனை வைத்தியர் இப்னு துஃபைல். ஆளில்லாத தீவில் மான் பால் குடித்து வளரும் ஒரு குழந்தை, யாரும் சொல்லிக்கொடுக்காமல் தன் அறிவாலேயே இறைவனைக் கண்டடைவதைக் கதையாக எழுதியவர் அவர். நிலநடுக்கோட்டுக்கருகே இந்தியக் கடலில் இருக்கும் தீவு என்று அந்தக் கதையில் வரும். அந்த இப்னு துஃபைல் இளையவரை அறிமுகப்படுத்தி, அவர் குடும்பத்தையும் முன்னோரையும் தகுதிக்கு மேலேயே புகழ்ந்தார். கலீஃபா பெயர் கேட்டார், தந்தை பெயர் கேட்டார், வம்சம் கேட்டார். அடுத்த கேள்வி அது:

“வானத்தைப் பற்றித் தத்துவவாதிகள் என்ன நினைக்கிறார்கள்? அது அநாதியா, படைக்கப்பட்டதா?”

மார்க்கத்தை விட்டே வெளியேற்றும் என்று கஸ்ஸாலி தீர்ப்புச் சொன்ன மூன்றில் முதலாவது. கேட்பவரோ கஸ்ஸாலியைப் போற்றும் அரசின் தலைவர். அநாதி என்றால் கழுத்துக்கு ஆபத்து. படைக்கப்பட்டது என்று அவர்கள் சொல்வதாகச் சொன்னால் பொய். வெட்கமும் பயமும் தன்னைப் பிடித்துக்கொண்டதாக இப்னு ருஷ்து பின்னாளில் தன் மாணவர் ஒருவரிடம் சொன்னார். அந்த மாணவர் வழியாகத்தான் மராகிஷ் வரலாற்றாசிரியர் அப்துல் வாஹிதுக்கு இந்தச் செய்தி கிடைத்தது. இப்னு ருஷ்து என்ன செய்தார்? தனக்குத் தத்துவத்தோடு சம்பந்தமே இல்லை என்று சொல்லித் தப்பப் பார்த்தார்.

கலீஃபா அவரை வற்புறுத்தவில்லை. அவருடைய அச்சத்தைப் புரிந்துகொண்டு இப்னு துஃபைல் பக்கம் திரும்பினார். அதே கேள்வியைப் பற்றித் தானே பேசத் தொடங்கினார். அரிஸ்டாட்டில் சொன்னது, பிளேட்டோ சொன்னது, அதற்கு முஸ்லிம் அறிஞர்கள் எழுப்பிய மறுப்பு எல்லாம் மடமடவென்று வந்தன. அந்தத் துறையிலேயே மூழ்கியிருப்பவர்களிடம்கூட இப்படி ஒரு ஞாபகத்தைத் தான் எதிர்பார்க்கவில்லை என்றார் இப்னு ருஷ்து. கொஞ்சம் கொஞ்சமாக அவர் பயம் தெளிந்தது, பேச ஆரம்பித்தார். வெளியே வந்தபோது பணமும் மரியாதை உடையும் ஏறிப்போக ஒரு வாகனமும் காத்திருந்தன.

பரிசைவிடப் பெரிய சுமை ஒன்றும் வந்து சேர்ந்தது. அரிஸ்டாட்டிலின் நடையும் மொழிபெயர்ப்புகளும் புரியவில்லை என்று கலீஃபா குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு வயதாகிவிட்டது, நீங்கள் செய்யுங்கள் என்று இப்னு துஃபைல் பொறுப்பை ஒப்படைத்தார். அதற்குப் பிறகு சுமார் கால் நூற்றாண்டு செவில்லேயில் காஜி, குர்துபாவில் காஜி, 1182 முதல் அரண்மனை வைத்தியர் என்று ஓடிக்கொண்டே இப்னு ருஷ்து அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதினார். சுருக்க உரை, இடைநிலை உரை, விரிவுரை என்று ஒரே நூலுக்கு மூன்று வகையிலும் எழுதியதுண்டு. கிரேக்கம் அவருக்குத் தெரியாது. அரபு மொழிபெயர்ப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டே எழுதினார்.

1180-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் அவர் கஸ்ஸாலிக்குப் பதில் எழுத உட்கார்ந்தார்.

முதலில் வந்தது ஒரு சின்ன நூல், ‘ஃபஸ்லுல் மகால்’. இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எல்லா முயற்சிகளிலும் இதன் அமைப்புதான் என்னை அதிகம் வியக்க வைக்கிறது. தத்துவத்தின் முன் மார்க்கத்தை நிறுத்தி அவர் விசாரிக்கவில்லை. மார்க்கச் சட்டத்தின் முன் தத்துவத்தை நிறுத்தி விசாரித்தார். காஜி அல்லவா? தத்துவமும் தர்க்கமும் கற்பது ஷரீஅத்தின்படி ஆகுமானதா, விலக்கப்பட்டதா, ஏவப்பட்டதா; ஏவப்பட்டது என்றால் விரும்பத்தக்கது என்ற அளவிலா, கட்டாயம் என்ற அளவிலா என்று ஒரு ஃபத்வாவின் ஒழுங்கில் கேள்வியை வைத்தார். தீர்ப்பு: தகுதி உள்ளவருக்குக் கட்டாயம்.

எப்படி? பார்வையுடையோரே, படிப்பினை பெறுங்கள் என்ற பொருளில் குர்ஆனில் ஒரு வசனம் உண்டு. தெரிந்ததிலிருந்து தெரியாததை ஒப்பிட்டு அறியும் சட்ட முறைக்கு, அதாவது கியாஸுக்கு, சட்ட அறிஞர்கள் அந்த வசனத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். சட்டக் கியாஸுக்கே அது ஆதாரம் என்றால், படைப்பைப் பார்த்துப் படைத்தவனை அறியும் அறிவுக் கியாஸுக்கு ஆகாதா என்று கேட்டார். எதிர்த்தரப்பு இதை மறுத்தால் தங்கள் சட்டப் புத்தகங்களையே மூட வேண்டியிருக்கும்.

தர்க்கம் கிரேக்கரிடமிருந்து வந்தது, அவர்கள் நம் மார்க்கத்தார் அல்லர் என்று அடுத்த ஆட்சேபம். குர்பானி கொடுக்கும் கத்தியைப் பற்றி நாம் அப்படிக் கேட்கிறோமா என்றார். கத்தி செம்மையாக இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். அது யாருடையது என்பதால் குர்பானி கெடுவதில்லை. தத்துவம் படித்துச் சிலர் கெட்டுப்போனார்களே என்றதற்கும் பதில் வைத்திருந்தார். தண்ணீர் விக்கி ஒருவன் செத்தான் என்பதற்காகத் தாகத்தில் தவிப்பவனுக்குத் தண்ணீர் மறுத்துக் கொல்வதா? விக்கல் தற்செயல். தாகத்தால் சாவது நிச்சயம்.

மையமான வாதம் இதற்குப் பிறகு வருகிறது. உண்மைக்கு உண்மை பகையாகாது. ஒன்றுக்கு ஒன்று சாட்சியாக நிற்கும். ஆகவே உறுதியான நிரூபணம் ஒரு முடிவைத் தந்து, வேத வசனத்தின் மேலோட்டமான பொருள் வேறொன்றைச் சொல்வதாகத் தோன்றினால், வசனத்துக்கு உட்பொருள் காண வேண்டும். கிரகணம் பற்றி கஸ்ஸாலி எழுதிய அதே நியாயம்! பகையாளிகள் என்று எட்டு நூற்றாண்டாக நாம் பேசிவரும் இருவரும் இந்த இடத்தில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எது உறுதியான நிரூபணம் என்பதில்தான் சண்டை. கிரகணக் கணக்கு நிரூபணம், உலகத்தின் அநாதித்துவம் ஊகம் என்றார் கஸ்ஸாலி. உலகத்தின் தொடக்கத்தைப் பற்றிக் கலாம் என்னும் இறையியல் வல்லுநர்கள் சொல்வதும் வசனத்தின் நேர்ப்பொருள் அல்லவே என்றார் இப்னு ருஷ்து: வானங்களும் பூமியும் படைக்கப்படும் முன்பே இறைவனின் அர்ஷு (அரியணை) தண்ணீரின் மேல் இருந்தது என்று குர்ஆன் சொல்கிறது. வானம் புகையாக இருந்தது என்றும் சொல்கிறது. ஒன்றுமே இல்லாமையிலிருந்து தொடங்கியது என்று அதில் எங்கே இருக்கிறது? நீங்களும் உட்பொருள் கண்டுதான் பேசுகிறீர்கள். அப்புறம் அடுத்தவனை எப்படிக் காஃபிர் என்பீர்கள்? ஆராய்ந்து தவறிய நீதிபதிக்கும் ஒரு கூலி உண்டு என்று நபிமொழி இருக்கும்போது, வானத்தை ஆராய்ந்து தவறியவனுக்கு மட்டும் தண்டனையா?

பஞ்சுக்கும் நெருப்புக்கும் பதில் அடுத்த பெரிய நூலில் வந்தது. கஸ்ஸாலியின் புத்தகத்தைப் பத்தி பத்தியாக எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே மறுப்பு எழுதினார். பெயரையும் அப்படியே திருப்பி வைத்தார், ‘தஹாஃபுத்துத் தஹாஃபுத்’: தடுமாற்றத்தின் தடுமாற்றம். எரிக்கும் இயல்பு இல்லாத ஒன்றை ஏன் நெருப்பு என்று அழைக்க வேண்டும்? ஒவ்வொரு பொருளுக்கும் உரிய இயல்பையும் செயலையும் பறித்துவிட்டால் பொருள்களுக்கு வேறுபாடும் இல்லை, பெயரும் இல்லை, அவற்றைப் பற்றிய அறிவும் இல்லை. காரணங்களை மறுப்பவன் அறிவையே மறுக்கிறான். அதற்கு மேல் ஓர் அடி வைத்தார். செய்யப்பட்ட பொருளுக்குச் செய்தவன் ஒருவன் உண்டு என்று நாம் கண்முன்னே காண்பதை வைத்துத்தானே, உலகத்துக்கும் ஒரு படைப்பாளன் உண்டு என்கிறோம்? காரணம் என்பதே இல்லையென்றால் அந்த வாதமும் போய்விடுமே!

இரண்டு பக்கத்தையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். வெறும் பார்வையால் கட்டாயத்தைக் காண முடியாது என்ற கஸ்ஸாலியின் வாதத்தை இப்னு ருஷ்து முழுக்க வெல்லவில்லை. ஆனால் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து காய்ச்சலுக்குக் காரணம் தேடும் வைத்தியருக்கு இப்னு ருஷ்துவின் உலகம்தான் வேண்டும். உடற்கூற்றைக் கற்றவனுக்கு இறைவன் மேல் நம்பிக்கை கூடும் என்று அவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. காரணங்களைத் தேடுவதே அவருக்கு வணக்கமாக இருந்தது. கஸ்ஸாலியின் பக்கமும் அறிவியல் நின்றுவிடவில்லை. அவருக்கு இருநூற்றைம்பது ஆண்டுகள் பிந்தி, டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் வேலையில் இருந்த இப்னு ஷாதிர், சந்திரனின் ஓட்டத்துக்கு ஒரு புதிய கணித வடிவம் கொடுத்தார். 16-ஆம் நூற்றாண்டில் கோப்பர்நிக்கஸ் எழுதிய சந்திரக் கணிதமும் அதே வடிவம்தான்.

இப்னு ருஷ்துவின் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லாத பகுதி ஒன்று உண்டு. மனிதர்களை மூன்றாகப் பிரித்தார். நிரூபணத்தைப் பின்பற்றுகிறவர்கள், வாதத்தால் இணங்குகிறவர்கள், நயமான பேச்சால் இணங்குகிறவர்கள். உட்பொருள் முதல் வகையினருக்கு மட்டுமே உரியது. மற்றவர்களிடம் அதைப் பேசுவதே குற்றம். பொதுமக்கள் படிக்கும் நூல்களில் இவற்றையெல்லாம் போட்டு உடைத்தார் என்பதுதான் கஸ்ஸாலி மேல் அவருக்கிருந்த பெரிய கோபம். மக்கள் குழம்பிவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பேச்சுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் அதே ஊரில்தான் இருந்தார்கள். அதே பள்ளிவாசலில் தொழுதார்கள். அவருடைய தத்துவத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய எதிரிகள் சொன்னதுதான்.

ஆதரித்த கலீஃபா 1184-ல் சந்தரேம் முற்றுகையில் பட்ட காயத்தால் இறந்தார். மகன் அபூ யூசுஃப் யஃகூப் வந்தார். தந்தையைவிடவும் அதிகமாக அவர் இப்னு ருஷ்துவிடம் அன்பு காட்டினார்.

1195. காஸ்டில் அரசர் எட்டாம் அல்ஃபோன்ஸோ மேல் படையெடுத்துப் போகும் வழியில் கலீஃபா குர்துபாவில் தங்கி, இப்னு ருஷ்துவை வரவழைத்தார். தன் மருமகனுக்கும் மேலான இடத்தில், தனக்கு மிக அருகில் உட்கார வைத்துப் பேசினார். அரண்மனைக்கு வெளியே ஊரில் வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது: கலீஃபா அவரைக் கொல்ல உத்தரவிட்டுவிட்டார் என்று எதிரிகள் பரப்பிவிட்டார்கள். முழுதாக அவர் வெளியே வந்ததும் மாணவர்கள் சூழ்ந்துகொண்டு வாழ்த்தினார்கள். வாழ்த்த இதில் ஒன்றுமில்லை, நான் எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரமாகக் கலீஃபா என்னை நெருங்க வைத்துவிட்டார் என்றார் அந்த முதியவர். வேலையாளை அழைத்து, நான் வருவதற்குள் காடையும் புறாக்குஞ்சும் சமைத்து வைக்கச் சொல் என்று வீட்டுக்கு அனுப்பினார். உயிரோடு இருக்கிறார், சாப்பிட வருகிறார் என்று வீட்டார் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக.

ஜூலையில் அலார்கோஸில் கலீஃபாவுக்குப் பெரும் வெற்றி. அந்தப் போருக்கு அவருக்கு மார்க்க அறிஞர்களின் ஆதரவும் மக்களின் ஆதரவும் வேண்டியிருந்தன. எதிரிகள் காத்திருந்த சமயம் இதுதான். இப்னு ருஷ்துவின் உரைகளில் ஒன்றிலிருந்து சில ஏடுகளை எடுத்தார்கள். வெள்ளிக் கோள் தெய்வங்களில் ஒன்று என்று பண்டைக்காலத்தவர் ஒருவர் சொன்னதாக அதில் ஒரு வரி இருந்தது. முன்னும் பின்னும் இருந்ததை மறைத்து, அந்த வரியை மட்டும் கலீஃபாவிடம் காட்டினார்கள்.

குர்துபாவின் பெரிய மனிதர்கள் எல்லாரும் கூட்டப்பட்டார்கள். அறுபத்தொன்பது வயது காஜி நடுவில் நிறுத்தப்பட்டார். கலீஃபா அந்த ஏடுகளை அவர் முன்னால் வீசினார்.

“இது உம்முடைய கையெழுத்துதானா?”

(தொடரும்)